மீதியைக் கட்டினால் சொந்தம்

“யாருடி இவ? என் வண்டியை எதுக்குத் தடவிப் பாத்துட்டு நிக்கிறா?”

கொட்டகையிலிருந்து வந்த டெல்மருக்கு முழங்கை வரை ரத்தம். விடியற்காலையிலிருந்து பசு ஒன்று கன்று போடத் திணறிக்கொண்டிருந்தது. கன்றைக் கயிறு கட்டி வெளியே இழுத்துவிட்டு வருகிறான்.

“லீஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்காங்க. மார்லிஸ்னு பேரு. இன்னிக்குத்தானே முடியுது,” என்றாள் அவன் மனைவி ட்வைலா, வாசல் படியில் நின்றபடி.

மூன்று வருஷ லீஸ், மாதாமாதம் வாடகை. மீதியைக் கட்டினால் அந்தக் கறுப்பு பிக்அப் சொந்தம். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதுவானாலும் கையெழுத்து ட்வைலாவுடையது. டெல்மரை நம்பி மைனாட் டவுனில் எந்த பேங்கும் ஒரு சைக்கிள்கூடக் கொடுக்காது.

ஓட்டியது மட்டும் டெல்மர்.

மார்லிஸ் கையில் சின்ன பிளாஸ்டிக் அட்டை. கதவிலிருந்த பள்ளத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அட்டைக்குள் அடங்கும் பள்ளத்துக்குத் தண்டம் கிடையாது. அடங்காததுக்கு உண்டு.

“அது ஆலங்கட்டி மழை,” என்றான் டெல்மர்.

“இது?”

“மான்.”

“இதுவும் மானா?”

“வேலிக்கம்பம். ரொம்பக் கேக்காத. வண்டி எங்கேயும் போகாது, நாங்களே வாங்கிக்கிறோம். சொல்லுடி.”

ட்வைலா மார்லிஸின் கையிலிருந்த அட்டையையே பார்த்தாள்.

“சொல்லுடின்னேன்.”

“வேண்டாம் டெல்மர். கொடுத்துடலாம்.”

அவன் சிரித்தான். மார்லிஸைப் பார்த்துக் கண்ணடித்தான். “இவளுக்கு ராத்திரி ஒரு புத்தி, காலையில ஒரு புத்தி.” சிரித்துக்கொண்டே போய், கம்பம் அடிக்கிற பெரிய சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் அடியில் முன்விளக்கு போயிற்று.

“இப்ப குடு! தண்டம் கட்டியே செத்துருவ. நீயேதான் வாங்கணும்!”

இரண்டாவது அடியில் முன்கண்ணாடி வலைபோல் விரிந்தது. ஒவ்வொரு அடிக்கு முன்பும் அவன் வண்டியைப் பார்க்கவில்லை. ட்வைலாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு அடித்தான். பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது. நாய் வீட்டுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. ஓட்டுநர் பக்கக் கதவில் விழுந்த அடிகளை யாரும் எண்ணவில்லை. கதவு வயிற்றில் குத்து வாங்கிய ஆள்போல் உள்ளே மடங்கிப்போயிற்று. கண்ணாடிச் சில்லுகள் படிவரை வந்து ட்வைலாவின் செருப்பில் விழுந்தன.

அவள் காலை நகர்த்தவில்லை.

“சார்,” என்றாள் மார்லிஸ். “நீங்க கொட்டகையில இருந்தப்பவே சமையலறை மேசையில கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சுட்டாங்க. நீங்க உடைக்கிறது கம்பெனி வண்டி.”

சம்மட்டி தலைக்கு மேலே நின்றது. நின்றது மெல்ல ட்வைலா பக்கம் திரும்பியது.

மார்லிஸ் குறுக்கே வந்து நின்றாள். போன் ஏற்கெனவே காதில் இருந்தது.

ஷெரீப் ஆபீஸிலிருந்து போலீஸ்காரன் ஆரின் வந்தபோதும் சம்மட்டி டெல்மர் கையில்தான் இருந்தது. ஆரின் டெல்மரோடு பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவன். “டேய், அதைக் கீழ போடுடா,” என்று கிட்டே போனவனின் தோளில் ஒரு அடி விழுந்தது. அடுத்த நொடி இரண்டு பேரும் பனிச்சேற்றில் புரண்டார்கள். ஆரினின் முழங்கால் டெல்மரின் முதுகில் ஏறியது. கீழே கிடந்தவன் மூக்கு உடைந்து, சேறு சிவந்தது. விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

“சொந்த வண்டியை உடைக்கக் கூடாதாடா?”

“சொந்தமா இருந்தா உடை. எவன் கேக்கப்போறான்.” சொல்லிவிட்டு ஆரின் யோசித்தான். மூச்சு வாங்க ட்வைலாவைப் பார்த்தான். “நீ வாங்கிக்கறேன்னு சொன்னா உங்க வீட்டுப் பொருள். எனக்கு இங்க வேலையே இல்ல. தோள்ல பட்டதை நான் மறந்துடறேன்.” மார்லிஸிடம், “அந்தக் காகிதத்தைக் கிழிக்க முடியுமில்ல?”

“இன்னும் அனுப்பலை,” என்றாள் மார்லிஸ், விருப்பமில்லாமல். “வாங்கிக்கறேன்னு அவங்க சொல்லணும்.”

எல்லோரும் ட்வைலாவைப் பார்த்தார்கள்.

“சொல்லு கண்ணு,” என்றான் டெல்மர் சேற்றிலிருந்து. குரல் கெஞ்சியது. “ஒரே ஒரு வார்த்தை. உன்னை நான் எங்கயாவது விட்டுக்குடுத்திருக்கேனா?”

ட்வைலா வாயைத் திறந்தாள்.

“வேண்டாம் ஆரின். ரெண்டையும் கொண்டு போ.”

“ஏய்! நாளைக்கு வருவேன்டி! வந்து உன்னை...”

“வாயை மூடுடா.” ஆரின் அவன் காலரைப் பிடித்துத் தூக்கினான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “நல்ல வண்டி, ட்வைலா. கதவும் கண்ணாடியும் மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும். இதுக்காகப் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பணுமா? அப்படி என்ன வேண்டாம் உனக்கு அதுல?”

அவள் செருப்பிலிருந்த கண்ணாடிச் சில்லை உதறினாள்.

மார்லிஸுக்கு வண்டி ஓடிய தூரத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் கதவு நசுங்கிவிட்டதால் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம், ட்வைலா உட்காரும் பக்கம், ஏறினாள். சமவெளிக் காற்று அவள் பின்னால் கதவை அறைந்து சாத்தியது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

“அம்மா, இதை எப்படித் திறக்கிறது?” கண்ணாடிக்குப் பின்னால் மார்லிஸின் கை கதவில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தது. “கைப்பிடியே இல்லையே. கழட்டிட்டு ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு. கண்ணாடி இறக்குற பொத்தானும் இல்ல.”

ஆரினின் பிடி டெல்மரின் காலரில் இறுகியது. டெல்மர் தரையைப் பார்த்தான்.

ட்வைலா படியிறங்கி, சில்லுகளை மிதித்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

“பயப்படாதீங்க,” என்றாள். “அது வெளியில இருக்கிறவங்க மனசு வெச்சாத்தான் திறக்கும்.”