ஒரு மூக்கு தேவை

மூன்றாவது ஆளும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து ஓடிவந்ததைப் பார்த்து, வரவேற்பறையில் காத்திருந்தவர்களில் இருவர் சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். நேர்முகத் தேர்வு இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று விளம்பரத்தில் போடவில்லை.

"உள்ள என்னங்க கேக்கறாங்க?" என்றார் அடுத்த முறைக்குக் காத்திருந்த தேயிலைக்காரர்.

"எதுவும் கேக்கல. திங்கச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தவர் குழாயடியைத் தேடிப் போனார்.

காடு காடாகத் தேடி அபூர்வப் பழங்களைக் கொண்டுவந்து விற்கிற கம்பெனி அது; பழத்தை ருசி பார்த்துச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தது. முதலாளியின் அறைக்கதவில் 'கனிச்செம்மல்' என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தது. அந்தப் பட்டத்தை அளித்த சங்கத்துக்குத் தலைவர், செயலாளர் எல்லாம் அவரேதான்.

கிடங்கிலிருந்து ஓர் ஆள் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து தேயிலைக்காரரின் காலடியில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல எழுந்து ஜன்னல் ஓரமாக ஒதுங்கினார்கள். காலியான நாற்காலியில் தேயிலைக்காரர் தன் பையை வைத்துவிட்டு, வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

அவருக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் உத்தியோகம் போனதிலிருந்து, மனைவியின் தையல் மெஷின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. காலையில் கிளம்பும்போது மச்சினன்கூட, "அத்தான், இன்னிக்காவது போன வேகத்துல திரும்பி வந்துடாதீங்க" என்று வாழ்த்தித்தான் அனுப்பினான்.

சுவரில் முதலாளியின் பெரிய படமும், பழத்தைப் பற்றி அவர் என்றோ அருளிய வாசகமும் தொங்கின. தேயிலைக்காரர் அதைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெட்டி உள்ளே போனது. அவரையும் கூப்பிட்டார்கள்.

மேசைமேல் தட்டில் இரண்டு பழங்கள் பிளந்து கிடந்தன. மேலெல்லாம் முள், உள்ளே மஞ்சள் சதை.

"வாடைக்குப் பேர்போன துரியன் பழம்னு நினைச்சுடாதீங்க. துரியனுக்கு இது பெரியப்பா முறை" என்றார் கனிச்செம்மல். "மலை உச்சியில நானே கண்டுபிடிச்சேன்." அந்த மலைக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றுகொண்டிருந்தது அவர் கணக்கில் வராது.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

"ஒரு காய்ச்சல் சார். ரொம்ப நாள் படுத்துட்டேன்."

"இப்போ?"

"காய்ச்சல் போயிடுச்சு சார்."

"சரி, சாப்பிடுங்க."

தேயிலைக்காரர் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டார். முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடி நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்றை எடுத்தார். கனிச்செம்மல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தானும் ஒரு சுளையை எடுத்தார்.

"சொல்லுங்க."

"முதல்ல லேசாப் புகை சார்."

"புகை. ஆமா, புகை. அப்புறம்?"

"பாலேடு."

"வாயைத் திறந்தேன், நீங்க சொல்லிட்டீங்க. அப்புறம்?"

"கடைசியில, மழையில நனைஞ்ச மரப்பட்டை."

கனிச்செம்மலுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் படத்துக்குக் கீழயும் அதையேதான் எழுதியிருக்கேன். இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தனுக்கும் வாய்க்கலை. உங்க மூக்கும் என் மூக்கும் ஒரே ஜாதகம்."

இருவரும் பேசிப் பேசி ஒரு பழத்தையே காலி செய்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த வரவேற்பறைப் பெண், கதவைத் திறந்தவள் அப்படியே நின்று, சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ரசனை இல்லாத ஜன்மம் என்று இருவருமே நினைத்தார்கள்.

"நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க" என்றார் கனிச்செம்மல். மச்சினனின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்த தேயிலைக்காரருக்கு, அந்த நினைப்பு பழத்தைவிட இனித்தது.

கனிச்செம்மல் போனில் வந்த சேதியைப் படித்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்தபோது அவர் குரலில் செம்மலைக் காணோம், கனி மட்டும்தான் இருந்தது.

"இனிமே நீங்க நம்ம வீட்டு மனுஷன். ஒரு விஷயம், வெளிய மூச்சு விடக் கூடாது. எனக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. மல்லிகையும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். நாக்கும் கூடவே போயிடுச்சு. இதுவரைக்கும் வீட்டுக்காரி மோந்து பாத்துச் சொல்லுவா, நான் மேடையில பேசுவேன். இப்ப அவ, 'இனிமே உங்க நாத்தம் உங்களோட'ன்னுட்டா. அதான் நல்ல மூக்கா ஒண்ணு தேடினேன்."

தேயிலைக்காரர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்து ரூம்ல பழம் வாங்க வந்தவங்க உக்காந்திருக்காங்க" என்று கனிச்செம்மல் தட்டில் மிச்சமிருந்த பழத்தை அவர் பக்கம் தள்ளினார். "இந்த ரெண்டுல ஒண்ணு அழுகிப்போச்சுன்னு கிடங்குலேர்ந்து இப்பத்தான் சேதி வந்துது. நாம தின்னது நல்லதா, அழுகினதா?"

தேயிலைக்காரர் பழத்தைக் கையில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு அதை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"அதைத்தான் சார் நானும் உங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தேன்."