அக்கோக் வைத்தியம்

மலேசியாவின் கிளந்தானில் தேங்காய் பறிக்கக் குரங்கு பழக்குவதில் மூசாவை மிஞ்ச ஆளில்லை. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. முற்றிய காயாகப் பார்த்துப் பறித்துப் போட்டால் கையோடு ஒரு காடை முட்டை.

“குரங்குக்கு முட்டை, கணக்குல கோட்டை விட்ட மகளுக்கு மட்டும் வசவா?” என்று மடக்கினாள் மனைவி கல்சோம். “பதினாலு வயசு மண்டைக்கும் பரிசு காட்டினாத்தான் பாடம் ஏறும்.”

அன்றிலிருந்து ஒரு கணக்குக்கு ஒரு அக்கோக் இனிப்பு. மகள் சுஹைலா இரண்டு தரம் தப்பாகச் சொல்வாள், தலையைச் சொறிவாள், மூன்றாம் தரம் சரியாகச் சொல்வாள். மூசா பூரித்துப்போய் இரண்டாகவே கொடுப்பார். மாதக்கணக்கில் இதே கதைதான்.

ஒருநாள் தன் தோப்புக்குக் குரங்கு கேட்டு வந்தார் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்.

“எம்மக தேறிடுவாளா, சார்?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? போன நோன்பு மாசத்துலேருந்து வகுப்புல அவதான் முதல். மத்த புள்ளைங்களுக்கே அவதான் சொல்லிக் குடுக்குறா!”

மூசா வீட்டுக்குள் பாய்ந்தார். “அடிக் கள்ளி! எல்லாம் தெரிஞ்சிருந்தும் தெரியாத மாதிரியா நடிச்சே?”

“ஒரே நாள்ல எல்லாக் காயையும் பறிச்சுப் போட்டா, மறுநாள் எந்தக் குரங்குக்குப்பா முட்டை கிடைக்கும்?”

மூசா திட்ட வாயெடுத்தார். ஆனால், பதில் சரியாக இருந்ததால், பழகிப்போன கை தானாகப் போய் அக்கோக் டப்பாவைத் திறந்தது.