கழித்த கல்

மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த செங்கல் குவியல்தான் பஞ்சாட்சரத்தின் கண்ணை உறுத்தியது. மற்றதெல்லாம் வெட்டவெளியில் வரிசையாக அடுக்கிக் கிடக்க, இதை மட்டும் ஏன் மூட வேண்டும்? வண்டவாளம் இதற்குள்தான் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இருபது வருஷமாக அவர் கான்ட்ராக்டர். வடிகாலோ, சுற்றுச்சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ, எந்த வேலையும் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இந்த முறை மட்டும் திருப்புலிவனம் பக்கம் கட்டப்போகும் படிப்பகத்தைத் தொழிற்பயிற்சி மையத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. அதுவும் இடித்த கட்டடங்களின் பழைய கல், பழைய ஓடு, பழைய மரம் இவற்றை வைத்தே கட்டுவார்களாம்! அதைக் கேட்ட நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் இன்ஜினியர் திவ்யா இன்று மையத்துக்கு வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே பஞ்சாட்சரமும் பின்னாலேயே வந்து இறங்கிவிட்டார்.

“குப்பை பொறுக்கறதுக்கு ஒரு கிளாஸு, அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு! இன்னா வாத்தியாரே, அடுத்த வருஷம் பழைய பேப்பர் எடை போடவும் சொல்லித் தருவியா?”

பயிற்சி கொடுக்கும் டேனியல் இன்ஜினியரை அடுக்கிய கல் வரிசைப் பக்கம் அழைத்துப் போனார். பதினாறு பிள்ளைகளுக்கும் இதுதான் முதல் வேலை. இது கைவிட்டுப் போனால், பாதிப் பேர் இதே பஞ்சாட்சரத்தின் சைட்டில் போய்க் கல் சுமக்க வேண்டியதுதான்.

மாணவி செங்கேணி ஒரு கல்லை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினாள். “எம்பது வருஷத்து வூட்டுக் கல்லு மேடம். சுண்ணாம்பைச் செதுக்கி எடுத்துட்டு, தட்டிப் பார்த்து, ஒரு நாள் பூரா தண்ணியில ஊறப் போட்டு, தேறினதைத்தான் அடுக்கிக்கினு வர்றோம். நீங்களே தட்டிப் பாருங்க.”

திவ்யா இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீர் என்றது.

பஞ்சாட்சரம் சிரித்தார். “நீ பொறுக்கிக் குடுக்கற கல்லு கணீர்னுதான் சொல்லும். தோ, அங்க மூடி வெச்சிக்கினு கீறியே, அதை எடு.”

“அது வேணாம் சார். அது நாங்க கழிச்ச கல்லு. ஒடச்சித் தரைக்கு அடியில கொட்டறதுக்கு வெச்சிக் கீறோம்.”

“கழிச்சதா? மேடம் அந்தாண்ட போனதும் அதைத்தானே சுவத்துக்குள்ள வெச்சி மேல பூசுவீங்க? எனக்குத் தெரியாத தில்லாலங்கடியா?”

அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்! விறுவிறுவென்று போய்த் தார்ப்பாயை அவரே உருவினார். எடுத்த கல்லில் ஒட்டியிருந்த சிமென்ட், நகம் பட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். கல் நாலு துண்டானது. இன்னொன்றைப் போட்டார். அது தூளே ஆகிவிட்டது.

பஞ்சாட்சரத்துக்கு உச்சி குளிர்ந்தது. “பாத்தீங்களா மேடம்! இதுல கட்டினவன்லாம் ஒரு மனுஷனா? ஜனங்க வந்து குந்தற எடத்துல தலைமேல வுழுந்தா யாரு ஜவாப்பு சொல்றது?”

“படுமோசமான கல்தான்,” என்றார் திவ்யா. அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

“மோசம்னு சொல்லிட்டு வுட்டா எப்படி? இந்தக் கல்லை வெச்சிக் கட்டினவன் எவனா இருந்தாலும், இந்த வட்டாரத்துல இனிமே அவனுக்கு ஒரு வேலையும் குடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டுல எழுதுங்க. நானே கையெழுத்துப் போடறேன்.”

“சார், ஒரு நிமிஷம்...” என்று செங்கேணி முன்னால் வந்தாள்.

“நீ இன்னா குறுக்க? கல்லு சொமக்கற வூட்டுப் பொண்ணுக்கு மேஸ்திரி வேலை கேக்குதா?”

செங்கேணியின் முகம் சிவந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் டேனியல் அவளைக் கையமர்த்தினார். “விடும்மா. அவரு சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும்.”

வாத்தியார் அடங்கிப் போனதைப் பார்க்கப் பஞ்சாட்சரத்துக்கு அவ்வளவு ஆனந்தம். இப்படிப் பத்து வாத்தியார்களை அவர் பார்த்திருக்கிறார், எல்லோருமே கடைசியில் பெட்டிப் பாம்புதான்.

திவ்யா எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். “‘பரிசோதித்த கல் கட்டடத்துக்கு லாயக்கற்றது. இதைக் கொண்டு கட்டியவருக்கு இனி எந்த அரசு வேலையும் தரக் கூடாது.’ சரிதானே?”

“மேடம்னா மேடம்தான்! அப்படிப் போடுங்க.” பேனாவை வாங்கி, முழம் நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கேட்காமலே தேதியும் போட்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் காலையில நாஷ்டா துன்னுட்டு நேரா என் சைட்டுக்கு வந்துடுங்க. சித்தாள் வேலை கீது.”

திவ்யா தாளைத் திருப்பி மேலே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

“எந்தக் கட்டடத்துக் கல், யார் கட்டினதுன்னு இங்க எழுதணும். உங்களுக்குத் தெரியுமாம்மா?”

செங்கேணி நிமிர்ந்து நின்றாள்.

“ரோடு அகலம் பண்றப்போ இடிச்ச கூட்ரோட்டு பஸ் ஸ்டாப்பு மேடம். கட்டினது, தோ நிக்கறாரே, கான்ட்ராக்டர் சாரு!”