பட்டாளத்துக்குச் சோறு

"பட்டாளத்துக்குச் சோறு விக்கிற கையால பால்குடம் தூக்கக் கூடாது."

கோயில் தலைவர் சாம்பசிவம் சொல்ல, கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். மோகனா நிமிரவில்லை. தேங்காய்ப்பால் சோற்றை இலையில் வைத்து நாசி லெமாக் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள்.

தேயிலை மலைக்குப் பின்னால் இருந்த சரிவைப் பயிற்சிக்கென்று பட்டாளம் எடுத்துக்கொண்டு வேலி போட்டுவிட்டது. அதற்கு அப்பால்தான் தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஜனங்களின் காய்கறிப் பாத்திகள். கொழுந்துச் சம்பளம் பற்றாத வீடுகளுக்கு அந்தக் கோசும் தக்காளியும்தான் சோறு. போய்வர ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் மிச்சம்.

பட்டாளத்துக்கு எதையும் விற்பதில்லை என்று ஊரார் கோயிலில் சத்தியம் செய்தார்கள். மோகனா மட்டும் அந்தப் பாதை வாயிலேயே தகரக்கொட்டகை போட்டாள்.

"ஊரே வயிறெரிஞ்சு கிடக்கு. உனக்கு யாவாரம் கேக்குதா? கடையை எடு."

"முடியாதுலா அண்ணே."

"அப்போ பால்குடம் கிடையாது."

"ஆத்தாகிட்டத்தான் வேண்டிக்கிட்டேன். கமிட்டிகிட்ட இல்ல."

சாயங்காலமே கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். அவள் அடுப்பை மட்டும் தொடவிடவில்லை.

மறுநாள் காலை, கூடையோடு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பாதை வாயில் புதிதாக இரண்டு கம்பங்கள். நடுவே, தூறலில், வெறுந்தரையில் மோகனா அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முள்கம்பிச் சுருளோடு ஒரு கார்ப்பரல்.

அவன் சாம்பசிவத்திடம் மலாயில் சொன்னான். சரிவு முழுக்க அடைக்கத்தான் உத்தரவாம். பட்டாளத்துப் பையன்கள் சாப்பிடக் கடை இருக்கிறதே என்று இந்த இடத்தை மட்டும் விட்டிருந்தார்களாம். நேற்றோடு கடை போய்விட்டது, அடைக்க வந்தால் இந்த அம்மா கடை இருக்கிறது என்கிறாள்.

"கடைன்னா ஆள் சாப்பிடணுமே. யாரையும் காணோம்," என்றான்.

சாம்பசிவம் அவள் பக்கம் குனிந்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"பாதைக்காகத்தான் கடைன்னு சொன்னா, தானா ராத்தா டவுன் வரைக்கும் பேசுவீங்க. பட்டாளத்துக் காதுக்கும் போவும்."

அவர் கூடையை இறக்கினார். ஈரத்தரையில் சம்மணம் போட்டார்.

"ஒரு நாசி லெமாக் குடும்மா."

அவள் பொட்டலத்தைப் பையில் போடப் போனாள்.

"பை வேணாம். இங்கேயேதான் சாப்பிடப் போறேன்." பின்னால் நின்ற கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வேடிக்கை? உக்காருங்கப்பா."