மாட்டுத் தோல்

"மாட்டுத் தோலா? எங்கம்மா உடம்புலயா?"

ஸ்ரீனிவாசராகவன் போட்ட சத்தத்தில் அடையாறு நர்சிங் ஹோமின் வராந்தாவில் போனவர்கள் எல்லாம் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

டாக்டர் மதுவந்தி பொறுமையாகத்தான் சொன்னாள். "படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போயிடுச்சு சார். அது தானா மூடாது. லேப்ல தயாரிச்ச புதுத் தோல் வெச்சுத்தான் மூடணும். மாட்டுத் தோல்லேர்ந்து எடுக்கிற புரதத்துல செய்யறாங்க. அப்படியே விட்டா உயிருக்கு ஆபத்து."

"மயிலாப்பூர்ல எங்க குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கோ. அம்மா வெங்காயம்கூடத் தொட்டவ இல்லை. இதை ஒட்டிண்டு இருக்கறதுக்கு அவ பெருமாள்கிட்டயே போய்ச் சேரலாம்!"

மதுவந்தியின் முகம் சிவந்தது.

"ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னேனே, செஞ்சீங்களா?"

"பகல்ல ஆயா முத்துமாரி பண்றா. ராத்திரி ஆத்துல நானும் அம்மாவும்தான்."

"அப்ப ராத்திரி நீங்கதானே திருப்பணும்?"

"நானா? மூத்திரமும் சீழுமா இருக்கு. விடிஞ்சா மடியாப் பூஜை பண்றவன் நான். எப்படித் தொடறது?"

ஊரே கொண்டாடும் மிருதங்க வித்வானுக்கு, நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண் பாடம் நடத்துவதா!

"டிஸ்சார்ஜ் பண்ணுங்கோ. சாயங்காலம் தி.நகர்ல எனக்குக் கச்சேரி இருக்கு."

சுவரோரம் வைத்திருந்த மிருதங்கத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி அணைத்துக்கொண்டார்.

"ராகவா."

இடுப்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையே கதியாகக் கிடக்கும் அம்மா, ஒருக்களித்தபடியே கூப்பிட்டாள்.

"போன மாசம் இந்த மிருதங்கத்துக்குத் தோல் மாத்தறச்சே போன்ல என்னடா சொன்னே?"

அவர் மிருதங்கத்தோடு வாசல் பக்கம் திரும்பினார்.

"கன்னு போட்ட பசுவோட தோலாப் பாத்துப் போடுன்னு சண்டை போட்டியே, என் காதுல விழுந்தது. அதைத் தினம் தொட்டுத் தடவிண்டுதானே இருக்கே?"

அம்மா மெல்ல டாக்டரைப் பார்த்தாள்.

"நீ அந்தத் தோலையே வெச்சு மூடும்மா. மாட்டுத் தோல்னா இவன் தொடுவான்."