மூன்று மை அடையாளங்கள்

இராஜபாளையத்தில் பழைய கார் விற்கும் ஷெட்டுக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. சிவப்புக் காரின் பின் சீட்டில், கதவுக்குக் கதவு, அபுபக்கர் தன் தறிக்கூடத்தில் நெய்த, இழுத்தால் நீளும் பேண்டேஜ் துணியை இழுத்து விரிக்கிறார். நேற்று பேரப்பிள்ளைகள் மூவரையும் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் வேண்டிய இடத்தை அளந்து அதில் மையால் அடையாளம் போட்டிருக்கிறார். "ஒருத்தர மடியில வச்சாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கூலுக்கு ஒங்ககூட அனுப்பமாட்டேன் வாப்பா" என்று மகள் ஷமீமா சொல்லிவிட்டாள். கடைசி மை சீட்டைத் தாண்டி நாலு விரல் வெளியே நிற்கிறது. அந்தச் சிவப்புக் கார் அவருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. இழுத்த துணியை மெல்லத் தளர்த்துகிறார். மை உள்ளே வந்துவிடுகிறது. "துணி சுருங்கும். பிள்ளைக சுருங்குமா?" என்கிறார் மனைவி நூர்னிசா, கைப்பையால் வெயிலை மறைத்தபடி. "இந்தச் சின்ன வண்டிதான் நம்ம தெருவுக்குள்ள நுழையும்." "மொதல்ல பிள்ளைக நுழையணும்லா?" அபுபக்கர் துணியைச் சுருட்டுகிறார். பக்கத்துச் சாம்பல் நிறக் காரின் கதவைத் திறந்து, இந்த முறை துணியை இறுக்கிப் பிடிக்கிறார்.