உட்காரக் கூடாத நாற்காலி

ஞானசேகர் வீட்டு ஹாலில் ஒரு இரும்பு நாற்காலி இருந்தது. அந்தக் காலத்தில் மில் தொழிலாளிகள் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்காகச் செய்தது. ஞானசேகர் அதைத் தேடிப் பிடித்து வாங்கி, மேலே விளக்குப் போட்டு, 'உட்காரக் கூடாது' என்று அதன் முதுகில் ஒரு அட்டையும் மாட்டியிருந்தார்.

முதலில் அந்த நாற்காலிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "உன்மேல உட்கார்றாங்க. என்னை நின்னு பாக்கறாங்க" என்று பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியிடம் பீற்றிக்கொண்டது.

"நீங்க பெரிய இடம்ங்க" என்றது பிளாஸ்டிக்.

நாளாக ஆக, இரும்புக்கு உடம்பெல்லாம் சில்லென்று கிடந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டது: "எல்லாரும் உன்கிட்டயே வர்றாங்களே, எப்படிக் கூப்பிடறே?"

"கூப்பிடறதெல்லாம் இல்லீங்க. காலியா இருக்கேன், வர்றாங்க."

அன்று சாயங்காலம் ஞானசேகரின் சம்பந்தியம்மாள் மாடியேறி, மூச்சு வாங்க வந்தார். கனத்த உடம்பு. அவரைப் பார்த்ததும் இரும்பு நாற்காலி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, அட்டையைக் கீழே தள்ளிவிட்டது. அவர் நேராக வந்து அதில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஞானசேகருக்கு வேர்த்துவிட்டது. சம்பந்தியை எழுந்திருக்கச் சொல்ல முடியுமா? "அந்தப் பிளாஸ்டிக் சேர் இன்னும் வசதியா இருக்குமே" என்று இழுத்தார்.

"இதுவே சுகமா இருக்குங்க சம்பந்தி. ஒரு காப்பி கிடைக்குமா?"

இரும்பு நாற்காலி நான்கு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஒரு கிரீச் சத்தம்கூட வராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.